மல்லாந்து கிடக்கும் மவுஸ்

என் மனைவி கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்துகொண்டிருந்தாள். வில்லியனூரில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற தெரு ஒன்றில் எங்கள் வீடு. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார பிளாஸ்டிக் நாற்காலிகள். அவ்வளவுதான் அவள் கடை. வாசலில் போர்டு கிடையாது. ஆனாலும் பாகூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர்களும், மணப்பட்டு மீனவக் குடும்பங்களும், கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரர்களும் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இவள் டிசைன் செய்து ஃபைலை அனுப்பினால் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் அடித்துக் கொடுப்பார்கள்.

அவளிடம் ஏன் வந்தார்கள் என்றால், அவள் படம் போடுவதைவிடப் பேர் போடுவதில் கெட்டிக்காரி. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, எந்தச் சித்தப்பா தன் பெயருக்குப் பின்னால் வேலையைப் போடாவிட்டால் கல்யாணத்துக்கே வரமாட்டார், எல்லாம் கேட்டுக் கேட்டு வாங்குவாள். "தாய்மாமன் பேரு ஒரு சைஸ் பெருசா இருக்கட்டும்மா, பின்னாடி பேச்சு வேணாம்" என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.

நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் வேலை. எங்களுக்கு ஒரே மகள். இதெல்லாம் ஆரம்பித்தபோது அவள் கல்லூரியில் சேர்ந்திருந்த புதிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன்னறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இந்த மவுஸ் ஒயரு எங்கியாவது மாட்டியிருக்குதா பாருங்க. இழுக்குது."

போய்ப் பார்த்தேன். எங்கும் மாட்டவில்லை. மேசைக்குப் பின்னால் தாராளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நகர்த்திப் பார்த்தேன், லேசாக வந்தது.

"நல்லாத்தானே வருது."

"எனக்கு மட்டும் கனமா இருக்குதே. மாவு மூட்டையைத் தள்ற மாதிரி கீது."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு முந்தைய வாரம்தான் தேங்காய் துருவும்போது மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது என்று சொல்லியிருந்தாள். சோறு பிசையும்போது கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஒயர்தான் பிரச்சினை என்றால் ஒயர் இல்லாத மவுஸ் வாங்கிவிட்டால் போயிற்று.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் கறுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, எடையே இல்லை. அவள் கண்ணாடி மேசை மேல் வைத்து இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"பறக்குதுங்க" என்றாள்.

முதல் சில நாள் உண்மையாகவே பறந்தது. பிறகுதான் அதன் குணம் தெரிந்தது.

அந்த மவுஸ் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும். செல் தீராமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். எழுப்ப வேண்டுமானால் ஒரு முறை அழுத்த வேண்டும், அந்த அழுத்தல் எழுப்புவதற்கு மட்டும்தான், வேலைக்கு ஆகாது. மறுபடி அழுத்தினால்தான் வேலை நடக்கும். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அவளுக்கு ஒவ்வொரு அழுத்தலும் சேர்த்து வைத்துச் செலவழிக்கிற மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஒரு பெயரை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யோசித்து முடிக்கும்போது மவுஸ் செத்த மாதிரிக் கிடக்கும்.

"எனக்கு முன்னாடி இது தூங்கிடுது. யோசிக்கிறவங்களுக்குச் செஞ்ச மவுஸ் இல்லங்க இது."

ஆன் பண்ணுகிற சுவிட்சையும் அடிப்பக்கத்தில் வைத்திருந்தார்கள். நகத்தால் தள்ளுகிற அளவுக்குப் பொடிசு. மவுஸைத் தூக்கி, புரட்டி, இன்னொரு கையின் நகத்தால் தள்ள வேண்டும். காலையில் வேலையைத் தொடங்குமுன் அதைச் செய்ய என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். நான் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டால் மகள். மகளும் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டால் பல்லால் தள்ளிப் பார்த்திருக்கிறாள். சுவிட்சுக்குப் பக்கத்தில் பல் தடம் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

அதைப் பார்த்த அன்றுதான் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுத்தோம்.

அங்கே பல தடவை அலைந்தோம். கைத்தசையில் ஊசி குத்திச் சோதித்தார்கள், கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். பேச்சில் அவசரம் இல்லாத பெண்மணி.

"கையைத் தூக்கு, விரலை மடக்குன்னு தசைக்கு உத்தரவு கொடுக்கிற நரம்புகள் இருக்கு. அதுங்க ஒண்ணொண்ணா செத்துக்கிட்டு வருது. மோட்டார் நியூரான் நோய்னு சொல்வோம். மருந்து தர்றேன். அது நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கும்."

அவள்தான் கேட்டாள்.

"மவுஸ் புடிக்கலாமா டாக்டர்?"

டாக்டர் அவளையே பார்த்தார். "முடியற வரைக்கும் புடிங்கம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வில்லியனூர் கோயில் கோபுரம் தெரிந்ததும், "இடது கையில பழகிக்கிறேன். இன்னும் அது நல்லா கீது" என்றாள்.

மறுநாளே பழக ஆரம்பித்துவிட்டாள். ஆனால் கடைகளில் விற்கிற நல்ல மவுஸ் எல்லாம் வலது கைக்காரர்களுக்காகவே வளைத்துச் செய்தவை. இடது கைக்கு வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். புதுச்சேரியில் பெரிய கடைகளிலும் இல்லை. சின்ன மவுஸ் அவள் பிடிக்கு நழுவியது. அதனால் கொஞ்சம் பெரியதாக, ரப்பர் பூசியதாக ஒன்று வாங்கினோம். இதற்கும் ஒயர் இல்லை, தூக்கமும் அடிப்பக்கத்து சுவிட்சும் முந்தையதைப் போலவே. வலது கைக்கான வளைவில் இடது கையை வைத்து, இரவல் செருப்பில் நடக்கிற மாதிரி சமாளித்தாள். வெயில் காலத்தில் அந்த ரப்பர் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. எதைப் போட்டுத் துடைத்தாலும் போகவில்லை. மகள் அதன்மேல் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி வைப்பாள். கொஞ்ச நாளைக்கு முன்னறை முழுக்க அந்த வாசனையாக இருந்தது.

அந்த மவுஸின் இடது பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். வலது கையில் பிடித்தால் கட்டைவிரல் அங்கே வரும். அழுத்தினால் ஒன்று முந்தைய பக்கத்துக்குப் போகும், இன்னொன்று அடுத்த பக்கத்துக்கு. யார் கேட்டார்கள் இதை என்று தெரியவில்லை. இடது கையில் பிடிக்கும்போது அந்த இடத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடந்தன. அவளுக்கு அந்த விரல்கள் ஏற்கெனவே தாமாக மடங்க ஆரம்பித்திருந்தன.

அந்தச் சமயம் மணப்பட்டிலிருந்து ஓர் அம்மாள் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தாள். மீன் வியாபாரம் செய்கிறவள். அந்தப் பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் என் மனைவிதான் பத்திரிகை போட்டுக் கொடுத்திருந்தாள். கையைப் பார்த்ததும் அந்த அம்மாள் பதறிப்போனாள்.

"இன்னா கண்ணு இது? வேணாம், நீ கஷ்டப்படாத. நான் வேற எங்கனா போட்டுக்கிறேன்."

"வேற எங்கியும் போகக்கூடாது. கொஞ்சம் நாளாகும். அவ்ளோதான்."

அந்த வேலைக்கு இணையத்தில் ஒரு தளத்தைப் பயன்படுத்தினாள். பெரிய மென்பொருளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விசைகளை அழுத்த வேண்டியிருந்ததால் அதை விட்டுவிட்டாள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாக, திரையில் தெரிகிற விசைப்பலகையில் எழுத்து எழுத்தாக அழுத்தி, இரண்டு பக்கத்து உறவுகளின் பெயர்களையும் அடித்தாள். பெரிய குடும்பம், பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன.

ஒரு மாலை நான் ஷிஃப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று முதலில் புரியவில்லை. அவள் அழுது நான் அதிகம் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் வேறு ஏதோ பக்கம் இருந்தது. அதுவரை அடித்ததெல்லாம் போய்விட்டிருந்தது. சுண்டு விரல் தன்னாலே மடங்கி அந்தப் பொத்தானை அழுத்திவிட்டது, பக்கம் பின்னால் போய்விட்டது. மறுபடி அழைத்தால் வெறும் பூவும் பிள்ளையாரும் மட்டும் வந்தன.

"நான் அழுத்தலங்க. சத்தியமா நான் அழுத்தல. அதுவா அழுத்திக்கிச்சி."

"தெரியும்டி. எனக்குத் தெரியும்."

"எல்லாப் பேரும் பூடுச்சிங்க. பாதி பேரு வரைக்கும் வந்துட்டேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. மகள் வந்து, "நான் அடிச்சித் தர்றேம்மா, நீ சொல்லு போதும்" என்றாள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மறுநாள் காலையில் மறுபடி முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.

அன்று நான் அந்த மவுஸை அவளிடமிருந்து வாங்கி ஸ்குரூவைக் கழற்றினேன். ஸ்குரூவையும் வெளியே தெரியாமல் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தார்கள். பக்கவாட்டுப் பொத்தான்கள் இரண்டின் இணைப்பையும் உள்ளே துண்டித்தேன். மெழுகு உருக்கி அந்தக் குழியை அடைத்தேன். அடிப்பக்கத்து சுவிட்சிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் இழுத்து, விரலால் தட்டினாலே போதும் என்கிற மாதிரி பெரிய சுவிட்ச் ஒன்றை மேசை விளிம்பில் பொருத்தினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அவள் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் இது நம்ம வூட்டு மவுஸ்" என்றாள்.

தூக்கத்தை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது சிப்புக்குள்ளே எழுதி வைத்தது. மவுஸைச் செய்த கம்பெனிக்கே மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டாள், எங்கள் நிலைமையைச் சொல்லி. பதில் வந்தது. தூங்கும் நேரத்தை மாற்ற வழியில்லை, இது வாடிக்கையாளர்களின் வசதிக்காகவே செய்யப்பட்டது, தங்கள் கருத்துக்கு நன்றி. மகள் அதைத் தமிழில் படித்துச் சொன்னபோது என் மனைவி, "யாரு அந்த வாடிக்கையாளர்? நம்ம தெருவுல யாருனா கீறாங்களா?" என்று கேட்டாள்.

எங்கோ ஒரு யோசனை படித்தேன். மவுஸுக்கு அடியில் நொடிமுள் ஓடுகிற கைக்கடிகாரத்தை வைத்தால் மவுஸ் தன்னை யாரோ நகர்த்துவதாக நினைத்துக்கொண்டு விழித்தே இருக்குமாம். என் கடிகாரத்தைக் கழற்றி, பலகையில் குழி தோண்டி உள்ளே வைத்து, ஓய்வு நேரத்தில் மவுஸ் அதன்மேல் இருக்கிற மாதிரி செய்தேன். விழித்துத்தான் இருந்தது. ஆனால் திரையில் அம்புக்குறி விடாமல் நடுங்கியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கும் என் வியாதி வந்துடுச்சி" என்றாள். அப்போதே அவள் பேச்சில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தன. நான் சிரித்தேன். பின்பக்கம் போய்க் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மணப்பட்டுப் பத்திரிகையை முடித்துவிட்டாள். ஒரு பெயர்கூடத் தப்பில்லை. அந்த அம்மாள் கட்டு வாங்க வந்தபோது முதல் பத்திரிகையில் மஞ்சள் தடவி என் மனைவி மடியில் வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் டிசைன் செய்யவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் பேச்சு போய்விட்டது. கால்கள் நிற்கவில்லை. கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து, திரையை அவள் கண்ணுக்கு நேராகச் சுவரில் மாட்டினேன். மடிமேல் ஒரு பலகை, பலகைமேல் மவுஸ். அம்புக்குறியின் வேகத்தை முழுக்கக் கூட்டி வைத்தோம். இடது கை ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், அம்புக்குறி திரையைக் கடந்துவிடும். எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தி எங்களோடு பேசினாள். தண்ணி. வெளிச்சம் கண்ணுல படுது. பொண்ணு சாப்டாளா. மவுஸ் அதுவரை அவளுக்கு வேலைக்கான சாமான். இப்போது வாயாகிவிட்டது.

கடிகாரத்தின்மேல் விழித்தே கிடந்ததால் செல் சீக்கிரம் தீர்ந்துகொண்டே இருந்தது. அதனால் அவள் தம்பி, பாகூரில் இருக்கிறவன், சார்ஜ் ஏற்றுகிற மவுஸ் ஒன்றை வாங்கி வந்தான். கிடைத்ததிலேயே நல்லது என்று சொல்லி வாங்கினானாம். அதன் அழுத்தல் மிக லேசாக இருந்தது, அவளுக்குத் தோதாக இருந்தது. தூங்கினாலும் லேசாக ஆட்டினாலே எழுந்துகொண்டது. நாங்கள் எல்லோரும் நிம்மதி ஆனோம்.

சார்ஜர் ஒயரை மாட்டுவதற்காக எடுத்தபோதுதான் பார்த்தேன். ஒயர் மாட்டுகிற துளையை அதன் வயிற்றில் வைத்திருந்தார்கள். சார்ஜ் ஏற வேண்டுமானால் மவுஸை மல்லாக்கப் போட வேண்டும். மல்லாந்து கிடக்கும்போது பயன்படுத்த முடியாது. முன்பக்கம் மூக்கில் ஒரு துளை போட்டிருந்தால் ஒயரோடேயே வேலை செய்திருக்கலாம். மேசை மேல் அழகாக இருக்க வேண்டும், ஒயர் மாட்டியபடி யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த யோசனையில் என் மனைவி மாதிரி ஒருத்தி வந்திருக்கவே மாட்டாள். மதியம் அவள் தூங்குகிற நேரத்தில் சார்ஜ் போட்டுச் சமாளித்தோம்.

ஒரு நாள் மதியம் அவள் அம்மாவும் தம்பி குடும்பமும் வந்தார்கள். குழந்தைகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அத்தை என்ன எழுதப் போகிறாள் என்று ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகப் படித்தார்கள். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். தூங்கவே இல்லை. தம்பிக்குச் சின்ன வயதில் இருந்த பட்டப்பெயரை அடித்துக் காட்டினாள், வீடே சிரித்தது. அவர்கள் கிளம்பும்போது வெளிச்சம் போக ஆரம்பித்திருந்தது. நான் அவர்களைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

நான் உள்ளே வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். எழுத ஆரம்பித்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன்.

'நாளைக்கு நீங்க அந்த'

அதோடு நின்றது. யோசிக்கிறாள் என்று நினைத்தேன். கை அசைந்தது, அம்புக்குறி அசையவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது. குறைகிறது என்று காட்டச் சின்ன விளக்கு ஒன்று மவுஸுக்கு உண்டு, அதையும் உள்ளங்கை மூடுகிற இடத்தில் வைத்திருந்தார்கள்.

"இருடி, தோ சார்ஜ் போடறேன். கொஞ்ச நேரம்தான்."

மவுஸை மல்லாக்கப் போட்டு ஒயரை மாட்டினேன். அதற்குள் நானே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். ஆமாம் என்றால் அவள் புருவத்தைத் தூக்குவாள், இல்லை என்றால் கண்ணை மூடுவாள்.

"நாளைக்கு நான் அந்த... இன்னா? மருந்து வாங்கணுமா?"

கண்ணை மூடினாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணணுமா?"

மூடினாள்.

"உங்க அம்மாவுக்கு ஏதாவது சொல்லணுமா? பொண்ணு விஷயமா? காலேஜ் பீஸ் கட்டணுமா? அந்தப் பச்சைப் புடவையா?"

ஒவ்வொன்றுக்கும் மூடினாள். நான் விடவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானாகச் சொன்னேன், தெரிந்த ஒவ்வொருவர் பெயராகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்பதற்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். இல்லை என்கிறாள் என்று நினைத்து அடுத்ததைக் கேட்டேன். திறக்கவில்லை. தூங்கிவிட்டாள். மதியம் தூங்காத அலுப்பு.

மறுநாள் காலையில் மவுஸ் முழு சார்ஜில் இருந்தது. பலகையில் வைத்து அவள் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

"நேத்து இன்னா சொல்ல வந்த?"

அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டு எழுதினாள். 'மறந்துட்டேன்.'

யார் பெயர் எங்கே வரவேண்டும் என்று ஊர்ப்பட்ட குடும்பங்களின் விஷயத்தை மனதில் வைத்திருந்தவள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்த வாரமே ஒயர் இல்லாத மவுஸுக்கெல்லாம் முடிவு கட்டினேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஆதியில் இருந்த ஒயர் மவுஸை எடுத்தேன். கை நகர்த்தினால்தானே ஒயர் கனக்கும்? அவள் கை இனி எங்கே நகரப் போகிறது என்று ஒருநாள் குளிப்பாட்டும்போது எனக்குத் தோன்றியது. வழியும் அதில்தான் இருந்தது. அதைப் பிரித்து, இடது பொத்தானுக்கு உள்ளே இருக்கிற சின்ன சுவிட்சிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெரிய பொத்தானோடு இணைத்தேன். அவள் வலது கால் பெருவிரலில் இன்னும் கொஞ்சம் அசைவு இருந்தது. மகள் தேடிப் பிடித்து, கேமரா முன்னால் தலையைத் திருப்பினால் அம்புக்குறி நகர்கிற மென்பொருளைப் போட்டாள். தலையால் எழுத்தைக் காட்டி, பெருவிரலால் அழுத்த வேண்டும். செல் கிடையாது, சார்ஜ் கிடையாது, தூக்கம் கிடையாது.

முதலில் என்ன எழுதுகிறாள் என்று நானும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

'ரசத்துல உப்பு ஜாஸ்தி. ரெண்டு நாளா சொல்லணும்னு இருந்தேன்.'

மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். ரசம் வைத்தது அவள்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகப் பேசினாள். மகளுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தாள். டிவியில் செய்திக்கு அடியில் ஓடுகிற வரியில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தாள். என்னை ஷிஃப்டுக்குப் போகச் சொல்லித் திட்டினாள். ஒரு நாள், 'நான் போனப்புறம் போட்டோவுக்குச் சிரிச்ச படத்தைப் போடுங்க. மொறைச்ச படம் வேணாம்' என்று எழுதினாள். நான் சரி என்றேன். வேறு எப்படிப் பேசியிருந்தாலும் அழுதிருப்பேன், பத்திரிகை விஷயம் மாதிரி அவள் சொன்னதால் சரி என்று சொல்ல முடிந்தது.

மாசி மாதம் மூச்சு சிரமமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் வைக்கலாமா என்று கேட்டார்கள். அவள் முன்பே வேண்டாம் என்று எழுதிவிட்டிருந்தாள், டாக்டரிடமும் காட்டியிருந்தோம். வீட்டுக்கே கொண்டுவந்தோம். ஒரு காலை வேளை, மகள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். நெற்றி, கன்னம், கழுத்து. கழுத்துக்கு வரும்போது மூச்சு இல்லை. துணியை வைத்தேன். எழுந்துபோய்ப் பின்கதவருகே நின்றேன். மகள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். மவுஸ்கள் எல்லாவற்றையும் அவள் தம்பி ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான், யாருக்காவது ஆகும் என்று. அவள் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று கம்பெனியில் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே யோசித்திருக்கிறேன். நாளைக்கு நீங்க அந்த. பெரிய விஷயமாக இருக்காது. அந்த ஃபேனைத் துடைச்சிடுங்க என்பதாக இருக்கலாம். அந்த முருங்கைக்காயை வாங்கிட்டு வாங்க என்பதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் செய்திருப்பேன். செய்வதற்கு என்ன என்று தெரியாமல் போனதுதான்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பாகூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும். புதுமனை புகுவிழாவாம், பத்திரிகை போட வேண்டுமாம்.

"இங்க ஒரு அக்கா போட்டுக் குடுப்பாங்களாமே. பேரெல்லாம் தப்பு வராம பாத்துப்பாங்கன்னு சொன்னாங்க" என்றார் அந்த மனிதர்.

"அவங்க தவறிட்டாங்க" என்றேன். அந்தச் சொல்லை வெளி ஆளிடம் நான் சொன்னது அதுதான் முதல் முறை.

அந்தப் பெண் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் பெயர்கள் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். வீடு எந்த இடத்தில், தளம் போட்டாயிற்றா, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைத்தெருவில் இன்னொரு இடம் இருக்கிறது என்று வழி சொன்னேன். கிளம்பும்போது அந்தப் பெண் சுவரில் படத்தைப் பார்த்து நின்றாள்.

"நல்லா சிரிச்ச முகம்ண்ணா" என்றாள்.

"தாய்மாமன் பேரை ஒரு சைஸ் பெருசா போடச் சொல்லுங்க" என்றேன்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மகள் கடைக்குப் போய்விட்டு வந்தாள். நாற்காலிகள் இழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்து, "யாருப்பா வந்தாங்க?" என்று கேட்டாள்.

"பத்திரிகைக்கு."

அவள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளினாள். பிறகு உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.